‘ஆண்மைச் சுரப்பு’ என்னும் சொல்

டெஸ்டோஸ்டிரோனை ‘ஆண்மைச் சுரப்பு’ என்று நம் மருத்துவக் கட்டுரையாளர் சிலர் எழுதுகின்றனர். பெண்ணுடலிலும் சிறிதளவு சுரப்பதற்கு இப்பெயர் பொருந்துமா? ஆடவர்க்கு மாரடைப்பு முந்தி வருதலைக் கண்டு, தமனி நோய்க்கு இச்சுரப்பே காரணம் எனத் துணிவோரும் உளர்.

அங்ஙனமாயின் பெண்பாற் சுரப்பு ஆடவரைக் காத்திருக்க வேண்டுமே! மாரடைப்புக் கண்ட ஆடவர்க்கு அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தனர். உயர்ந்த அளவில் கேடு மிகுந்தமையால் 1970இல் நிறுத்தினர்; குறைந்த அளவும் பயன் தராமையால் 1973இல் கைவிட்டனர்.

மறுதலையாக, ‘குறைந்ததை நிரப்பினால் இதயம் வலுக்கும்’ என்பாரும் உளர். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு இதற்கும் இடந்தரவில்லை. இச்சுரப்புக் குறைந்து, இதயநோயோ அதற்கான இடரோ உடைய 5,204 ஆடவரை ஆராய்ந்தனர். இதயச்சாவு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றேனும் கண்டோர், மருந்துப் பூச்சுப் பெற்றவருள் 7.0 விழுக்காடு, போலிப் பூச்சுப் பெற்றவருள் 7.3. ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் துடிப்பொழுங்கின்மையும் நுரையீரல் இரத்தக்கட்டும் மருந்து பெற்றாரிடமே மிகுதி.

அம்பாங் கடைகளில் ‘ஆண்மை’ பேசி விற்கும் தொங்கட் அலிக் காப்பிக்கு இவ்வாய்வைச் சான்று காட்டுதல் பிழை. அங்கே கொடுத்தது, குறைபாடு இரத்தச் சோதனையால் உறுதிப்பட்டவர்க்கு மருத்துவர் அளந்த மருந்து.

டெஸ்டோஸ்டிரோனை டெஸ்டோஸ்டிரோன் என்றே எழுதினால் என்ன?