பிழைக்கு முகவரி உண்டா?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் டாலரை ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிக்கு வங்கியில் போடுகிறீர்கள். ஓராண்டு முடிவில் நீங்கள் ஈட்டும் தொகை எவ்வளவு? 300 டாலர் என்று எட்டாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற இணைய இதழான சீநெட், கூட்டு வட்டியை விளக்கவந்த கட்டுரை ஒன்றில், 10,300 டாலர் ஈட்டலாம் என்று எழுதியது. போட்ட அசலையும் வருவாயோடு சேர்த்துவிட்டது!

அக்கட்டுரையை எழுதியது மனிதர் அல்லர். செயற்கை நுண்ணறிவு எந்திரம். 2022 நவம்பரிலிருந்து இத்தகைய 77 கட்டுரைகளைச் சீநெட் வெளியிட்டிருந்தது. 2023 சனவரியில் ப்யூச்சரிசம் என்ற மற்றோர் இணைய இதழ் இதனை அம்பலப்படுத்தியது. மறு ஆய்வில் 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. அவற்றுள் பெரிய திருத்தம் வேண்டியவை சிலவே என்பது சீநெட்டின் விளக்கம்.

எந்திரம் தவறு செய்தது என்பதற்காக மட்டும் அதனைப் பழிப்பது நியாயமாகாது. மனித நிருபர்களும் தவறு செய்கிறார்கள். அந்தத் தவறு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு வேறோர் எந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழுக்காக 'குவேக்பாட்' என்ற கணிப்பொறி நிரல் உருவாக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அனுப்பும் அறிவிப்பிலிருந்து நிலநடுக்கத்தின் நேரம், இடம், அளவு ஆகியவற்றை எடுத்து, முன்னரே எழுதிவைத்த வாக்கியங்களில் அது நிரப்பும். 2014 மார்ச் 17 அன்று 4.4 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே செய்தி வெளிவந்தது. ஆனால் 2017 ஜூன் 21 அன்று, சாண்டா பார்பராவில் 6.8 அளவுள்ள நடுக்கம் என்று அது அறிவித்தது. அங்கே நிலம் அசையவே இல்லை! காரணம் விரைவில் தெரிந்தது. 1925இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பதிவை ஆய்வாளர்கள் திருத்தியபோது, 2025 என்ற ஆண்டோடு தவறான அறிவிப்பு வெளியாகிவிட்டது. செய்தி உடனே திரும்பப் பெறப்பட்டது.

இந்தப் பிழைக்கு முகவரி இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை நாம் அறிந்துகொண்டால், அளவீட்டிலிருந்து அதனை நீக்கிவிடலாம் அல்லவா? அதுபோன்றது இது.

இன்று கட்டுரை எழுதும் மொழி எந்திரங்களின் வழி வேறு. கோடிக்கணக்கான பக்கங்களில் சொற்கள் எவ்வாறு தொடர்ந்து வருகின்றன என்பதைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து அவை எழுதுகின்றன. பொருத்தமாக ஒலிப்பது எல்லாம் உண்மையாக இருந்துவிடாது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த கோடைக்கால இணைப்பில், படிக்கத்தக்க 15 நூல்களின் பட்டியல் இடம்பெற்றது. அவற்றுள் 10 நூல்கள் உலகிலேயே இல்லாதவை! இசபெல் அலெண்டே முதலிய உண்மையான எழுத்தாளர்களின் பெயரில், எழுதப்படாத நூல்களுக்குக் கதைச் சுருக்கம் தரப்பட்டிருந்தது. வெளி நிறுவனம் ஒன்று தயாரித்து அளித்த அந்தப் பட்டியலை எவரும் சரிபார்க்கவில்லை. இல்லாத நூல் எந்த நூலகத்திலிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது?

"எங்கள் ஆசிரியர் குழு சரிபார்த்தது" என்பது பத்திரிகைகள் தரும் உறுதிமொழி. சீநெட்டும் அவ்வாறே கூறியிருந்தது. ஆனால் மனிதர் தடுமாறும் இடத்தில் நடையும் பெரும்பாலும் தடுமாறும். சரிபார்ப்பவருக்கு அது ஓர் எச்சரிக்கை. எந்திரமோ சரியானதையும் தவறானதையும் ஒரே சரளத்துடன் எழுதுகிறது. எனவே ஒவ்வோர் எண்ணையும் பெயரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அதற்கு ஆகும் உழைப்பு, எழுதுவதில் மிச்சமான உழைப்பை விடக் குறைவு என்று எண்ணியதே பத்திரிகைகளின் பெருந்தவறு. அச்சிட்ட பத்திரிகையே பொறுப்பேற்க வேண்டும். எந்திரத்தின் மேல் பழி போட்டு விலகிவிட இயலாது.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. செய்தியில் எண் வந்தால், அளந்தவர் யார் என்று கேளுங்கள். கூற்று வந்தால், எவர், எங்கே, எப்போது சொன்னார் என்று தேடுங்கள். கணக்கு வந்தால், ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 10,300 டாலர் தவறு என்று காட்ட இரண்டு வரிக் கணக்கே போதும்.