கவுதாரிக்குக் காது கொடுத்தல்

புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில் செம்மண் மேட்டில் 1968க்குப் பிறகு நட்டு வளர்த்த காட்டின் ஓரங்களில், விடியும் நேரம் கவுதாரி கூப்பிடும். முதலில் தொண்டையைச் செருமுவதுபோல் இரண்டொரு கொக்கரிப்பு. அப்புறம் சட்டென்று ஏறி ஊரையே எழுப்பும் கூச்சல். ஆளைக் கண்டால் பறக்காது, புதருக்குள் ஓடிவிடும். அதனால் பறவைகளைக் கணக்கெடுப்பவருக்குக் காதுதான் கண். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று கேட்டதும் இரண்டு என எழுதிவிட முடியாது. அதே பறவை இடம் மாறியிருக்கலாம். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிற நிதானம் இருக்கிறதே, அழகு.

அதைவிட எனக்குப் பிடித்தது புதரை வெட்டாமல் விடுகிற கை. சூரையும் களாவும் காரையும் மண்டிய புதரைப் பார்த்தால் நமக்குச் சுத்தம் செய்யத்தான் தோன்றும். கவுதாரி இரவில் அடைவதோ முள்மரத்தில். முட்டையிடுவது புதரடியில் கீறிய சின்னப் பள்ளத்தில். சருகையும் கூட்டக் கூடாது, அதைக் கிளறித்தான் கறையான் பொறுக்கும். நடுவில் கொஞ்சம் வெட்டவெளியும் வேண்டும், சூடேறிய புழுதியில் புரண்டு குளிக்க. அந்தப் புழுதிக் குழியில் சில நாள் பழுப்பு வரியோடிய இறகொன்று கிடக்கும். தொட்டால் விரலெல்லாம் செம்மண். புதரை எவ்வளவு வெட்டலாம் என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் முள் கட்சி.