சேக்கிழார் காட்டும் இனிய கள்வம்

வஞ்சனை தீது என்பதை அறியாதார் இலர். ஆயினும், காப்பியத்திலும் உலகியலிலும் குறும்பும் சூழ்ச்சியும் உடையார் சிலர்பால் நம் நெஞ்சம் தானே செல்கின்றது. இஃது என்னை? இக்கவர்ச்சிக்கு இடங்கொடுத்தல் தகுமோ? இவ்வினாக்களுக்கு 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் தரும் விடை ஈண்டு ஆராயற்பாலது.

தடுத்தாட்கொண்ட புராணத்து முதிய வேதியரை நோக்குக. புத்தூரில் நம்பியாரூரர்தம் மணப்பந்தரில் அவர் புகுந்து, நம்பி தமக்கு வழியடிமை என வழக்கிடுகின்றார். நம்பி நகைக்கின்றார், பித்தன் என இகழ்கின்றார், ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகின்றார். கிழவரோ கலங்கினாரல்லர். கிழிந்தது படியோலையே என்று கூறி, மூலவோலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டி வெல்கின்றார். பின்னர்ச் சித்தவட மடத்தில், துயிலும் நம்பியின் முடிமேல் தாள் வைக்கின்றார். கேட்டபொழுது தம் மூப்பின்மேற் பழி சாற்றுகின்றார். நம்பி வேறிடத்திற் கிடந்தபோதும் விட்டாரல்லர்.

இப்பகுதியைப் பயில்வார் முறுவல் கொள்ளாதிரார். வந்தவர் யார் என்பதை நாம் அறிவோம், நம்பி அறியார். நகைச்சுவைக்கு இஃது ஒரு காரணம். மற்றொன்று இதனினும் ஆழ்ந்தது. கிழவர் இட்ட வழக்கு பொய்வழக்கன்று, அடிமைத்திறம் மெய்யே. அவர் மறைத்தது தம் உருவத்தை மட்டுமே. அம்மறைப்பும் தம்மை மறந்தாரை மீட்டற்பொருட்டே. மறைத்தலும் அருளே என்னும் சித்தாந்தக் கொள்கைக்கு இதனினும் இனிய இலக்கியம் வேண்டுமோ!

இனி, முத்தநாதனைக் காண்க. அவனும் வேடம் புனைந்தவனே. புத்தகக் கவளியுட் படையை மறைத்து, திருக்கோவலூர் மன்னராகிய மெய்ப்பொருணாயனார்பால் வந்தான். அவன் வரவில் நமக்கு அச்சமன்றி முறுவல் தோன்றுவதில்லை. வேடம் ஒன்றே கவர்ச்சிக்குக் காரணமாயின், இவனும் நம்மைக் கவர்தல் வேண்டும். அங்ஙனம் கவர்ந்திலன். மறைப்பின் உள்ளே இருந்தது பகை ஆதலின் என்க.

அங்ஙனமாயின், அன்புடையார் செய்யும் சூழ்ச்சி யாவும் குற்றமற்றனவோ எனின், அன்று. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் சூளுரைக்க நேர்ந்தபோது, நம்பி இறைவரைக் கோயிலை விட்டு மகிழின்கீழ் இருக்குமாறு வேண்டினார். இறைவரும் இசைந்தார், உடனே சங்கிலியார் கனவில், மகிழின்கீழ்ச் சூளுரைக்கச் செய்க என உணர்த்தினார். தோழர் இருவர்தம் இவ்விளையாட்டு நம்மை மகிழ்விக்கின்றது. ஆனால் சூள் தவறி நம்பி ஊரெல்லை கடந்தபோது கண்ணிரண்டும் மறைந்தன. காஞ்சியில் ஒன்றும், ஆரூரில் மற்றொன்றும், வருந்திப் பாடிய பின்னரே பெற்றார். வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் துயரை நம்பியின் இனிமைக்கு விலையாகக் கொடுக்கச் சேக்கிழார் உடன்பட்டிலர். அவர்தம் நடுவுநிலை இங்கே விளங்கும்.

ஆதலின், ஒருவர்தம் குறும்பு நம்மை ஈர்க்குங்கால், ஈர்ப்பை வெறுத்தல் வேண்டா. அஃது எதன்பொருட்டு என்று வினவுதல் வேண்டும். ஆளுடைய பிள்ளையார் இறைவனைக் கள்வன் என்றே பாடினார். உள்ளத்தை அவன்பால் இழந்தமையால் அவர்க்கு வந்தது குறைவன்று, சிவஞானமே.