நன்றிகெட்ட நெஞ்சும் கூலி உழைப்பும்: நேப்பிள்ஸ் – டூரின் பற்றிச் சில குறிப்புகள்

1

விளையாட்டு ரசிகரைப் பற்றி நம் தரப்பில் எழுதப்படுவதையெல்லாம் இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, அது வெகுசனப் போதை. மற்றது, அது மக்களின் கொண்டாட்டம். இரண்டிலும் ரசிகரின் மனசு இல்லை. போதை என்று சொல்பவருக்கு அது தெளியவேண்டிய ஒன்று. கொண்டாட்டம் என்று சொல்பவருக்கு அது தூரத்திலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய ஒன்று. ரசிகர் தனக்குத்தானே முரண்பட்டு நிற்கும் தருணங்களை இந்த இரண்டு வாசிப்புகளாலும் தொட முடிவதில்லை. அப்படி ஒரு தருணத்தை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

2019 ஜூன் 16 அன்று மொரிசியோ சாரி என்ற பயிற்சியாளரை டூரின் நகரத்து யுவென்டஸ் கழகம் அமர்த்திக்கொண்டது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் அவர் லண்டனில், செல்சியில். அதற்கும் முன்னால், 2015 முதல் 2018 வரை, நேப்பிள்ஸ் நகரத்து நாப்போலி கழகத்தில். செய்தி இவ்வளவுதான். "ஆளு வேலை மாத்திக்கிட்டாரு, இதுல என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்கலாம். "துரோகி" என்று இன்னொருவர் சொல்லலாம். நேப்பிள்ஸில் இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னார் என்பதுதான் விஷயம். திட்டினார்கள்; திட்டும்போதே அந்த மூன்று வருஷத்தை விட்டுக்கொடுக்கவும் மறுத்தார்கள். இந்தக் கலவையை வெறும் உணர்ச்சிக் குழப்பம் என்று தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. இதற்குள் ஒரு அறிவு இருக்கிறது. அது என்ன அறிவு, எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

2

இந்தப் பகைக்கு ஒரு நிலவியல் இருக்கிறது. 1861இல் இத்தாலி ஒன்றாக்கப்படும் முன்னர் நேப்பிள்ஸ் ஒரு அரசின் தலைநகரம். அதன் பிறகு அது தெற்கின் ஏழை நகரம். டூரின், ஒன்றாக்கியவர்களின் நகரம். 1899இல் அங்கே ஃபியட் தொடங்கப்பட்டது. 1923இல் ஃபியட் முதலாளியின் மகன் எதுவார்தோ அன்யெல்லி யுவென்டஸின் தலைவரானார். கார்த் தொழிற்சாலையும் கால்பந்துக் கழகமும் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தன.

கிராம்சியை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர் சார்டினியத் தீவுக்காரர் என்பதையும் டூரினுக்கு வந்துதான் கிராம்சியானார் என்பதையும் அவ்வளவாகப் பேசியதில்லை. 1926இல் கைதாவதற்குச் சற்று முன்பு, தெற்குப் பிரச்சினை பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை அவரால் முடிக்க முடியவில்லை. தெற்கத்தியான் பிறவியிலேயே மட்டமானவன், நாட்டின் முன்னேற்றத்துக்குக் காலில் கட்டிய இரும்புக்குண்டு என்ற கருத்தியல் வடக்குத் தொழிலாளியின் மனதில் எப்படி ஊட்டப்பட்டது, அதில் சோஷலிஸ்டுகளின் பங்கு என்ன என்று அதில் பேசுகிறார். வர்க்க ஒற்றுமைக்கு நடுவே நிற்கும் இந்த அருவருப்பை உடைக்காமல் புரட்சி பேசுவது வீண் என்பது அவர் நிலைப்பாடு.

1950களிலும் 60களிலும் அதே தெற்கத்தியர்கள் ரயிலேறி ஃபியட்டுக்கு வேலைக்கு வந்தார்கள். 'தெற்கத்தியருக்கு வாடகைக்கு இல்லை' என்று வீடுகளில் எழுதிவைத்த ஊர் அது. வந்தவர்களில் பலர் யுவென்டஸ் ரசிகர்களானார்கள். 1968இல் சிசிலிக்காரரான பியெத்ரோ அனஸ்தாசியை யுவென்டஸ் வாங்கியபோது அவர் அந்தத் தொழிலாளிகளின் நாயகனானார். முதலாளியின் கழகத்துக்குத் தொழிலாளி கைதட்டுகிறான் என்று கேலி செய்வது சுலபம். ஆனால் தன்னைக் கேவலமாகப் பார்க்கிற ஊரில் தன் மாதிரிப் பேசுகிற ஒருவன் கோல் போடுவதைப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான். மேலாண்மை இப்படித்தான் வேலை செய்கிறது: பறித்துக்கொண்டு மட்டும் அல்ல, ஏதோ ஒன்றைக் கொடுத்தும்.

தெற்கிலேயே தங்கிவிட்டவர்களுக்கு நாப்போலி இருந்தது. வடக்கு மைதானங்களில் நாப்போலி ஆடும்போது, வெசூவியஸ் எரிமலை இவர்களை நெருப்பால் கழுவட்டும் என்ற பொருளில் பாட்டுப் பாடுவார்கள். மரடோனா 1984இல் இந்த நகரத்துக்கு வந்தார். 1987இலும் 1990இலும் நாப்போலி இத்தாலியின் சாம்பியன் ஆயிற்று. 1990 ஜூலை 3 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் இதே நேப்பிள்ஸில் மோதின. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் உங்களை இத்தாலியர் என்கிறார்களே என்று மரடோனா அந்த மக்களிடம் கேட்டார். அவர்கள் இத்தாலி பக்கமே நின்றார்கள். ஆனாலும் அர்ஜென்டினாவின் தேசியகீதத்துக்கு ஊளையிடவில்லை. ரோமில் இறுதிப் போட்டியில் ஊளையிட்டார்கள். இரண்டு விசுவாசங்களை ஒரே நெஞ்சில் சுமக்கிற பழக்கம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல.

3

சாரி பிறந்தது 1959இல், நேப்பிள்ஸின் பான்யோலிப் பகுதியில். அப்பா அங்கிருந்த எஃகு ஆலையில் தொழிலாளி. பையன் வளர்ந்தது தஸ்கனியில். பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்ல. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன ஊர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். நாற்பது வயதை ஒட்டித்தான் வங்கி வேலையை விட்டார். கோட்டும் டையும் போடாமல் பயிற்சி உடையில் வருவார், சதா சிகரெட்.

இந்த ஆள் 2015இல் நாப்போலிக்கு வந்து ஆடவைத்த ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. பந்து தரையோடு, ஒரே தொடுகையில், மூன்று நான்கு பேருக்கிடையே வேகமாகப் போய்வரும். எதிரணியின் பிழைக்காகக் காத்திருக்கிற ஆட்டம் அல்ல. 'சாரிஸ்மோ' என்று பெயர் வைத்தார்கள். 2018இல் திரெக்கானி என்ற கலைக்களஞ்சிய நிறுவனம் அதைப் புதுச்சொல்லாகவே பதிந்தது. அவரைக் 'கமாண்டர்' என்று கூப்பிட்டார்கள். விளையாட்டுக்காகச் சொன்னதுதான். ஆனால் ஒரு கால்பந்துப் பயிற்சியாளருக்கு சே குவேராவின் பட்டம் ஏன் பொருந்திப்போயிற்று என்று கேட்டால், தெற்கு ஜெயிப்பது மட்டும் போதாது, தெற்கு வேறு மாதிரி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது.

ஜெயிக்கவில்லை. 2018 ஏப்ரல் 22 அன்று டூரினிலேயே யுவென்டஸை நாப்போலி 1–0 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் கூலிபாலி தலையால் முட்டிய கோல். வித்தியாசம் ஒரே புள்ளி ஆயிற்று. அன்று ராத்திரி விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஃபியோரென்டினாவிடம் 0–3. கடைசியில் நாப்போலி 91 புள்ளிகள், யுவென்டஸ் 95.

அந்த ஏப்ரல் போட்டிக்கு முன், அணியின் பேருந்து டூரின் மைதானத்துக்குள் நுழையும்போது, வெளியே கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து சாரி நடுவிரலைக் காட்டினார். இந்த விரல் முக்கியம். அடுத்த வருஷமே அவர் அந்த மைதானத்துக்குச் சொந்தக்காரராகப் போகிறார்.

4

நேப்பிள்ஸில் துரோகத்துக்கு ஒரு சொல் தயாராகவே இருந்தது: 'கோரே ந்கிராத்தோ', நன்றிகெட்ட நெஞ்சு. 1911இல் வந்த ஒரு காதல் பாட்டின் பெயர். நாப்போலியிலிருந்து 1972இல் யுவென்டஸுக்குப் போன ஜோசே அல்டாஃபினி, 1975 ஏப்ரலில் நாப்போலிக்கு எதிராகவே வெற்றி கோல் போட்டு பட்டத்தை டூரினுக்கு உறுதியாக்கியபோது, அந்தச் சொல் மைதானத்தின் வாசலில் எழுதப்பட்டது. 2016இல் இகுவாயின். முந்தைய பருவத்தில் நாப்போலிக்காக 36 கோல்கள் போட்டவர்; 9 கோடி யூரோவுக்கு யுவென்டஸ் வாங்கிக்கொண்டது. அவர் சட்டைகளை எரித்தார்கள்.

சாரியின் விஷயம் இதிலிருந்து வேறுபடுகிறது. ஆட்டக்காரர் போனால் கால்களை எடுத்துக்கொண்டு போகிறார். நகரம் இன்னொரு ஜோடிக் காலைத் தேடிக்கொள்ளலாம். பயிற்சியாளர் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறார்? ஒரு 'இசத்தை' அதைச் சொன்னவரே எதிராளி வீட்டில் கொண்டுபோய் வைக்கும்போது, அது ஆரம்பத்திலிருந்தே விற்பனைக்கு இருந்த ஒரு தொழில்நுட்பம்தானோ என்ற சந்தேகம் வருகிறது. கடந்தகாலமே ஆட்டம் காண்கிறது. ரசிகரின் கோபத்தில் இருக்கும் பயம் இதுதான் என்று வாசிக்கிறேன்: 'அவன் போய்ட்டான்' என்பதை விட 'நாம் பார்த்தது நிஜம்தானா' என்பது.

யுவென்டஸில் நடந்த முதல் சந்திப்பில் அந்த விரலைப் பற்றிக் கேட்டார்கள். அது அளவுமீறிய செயல், ஆனால் தெற்கத்தியரை இழித்துப் பேசிய சில முட்டாள்களுக்குக் காட்டியது, யுவென்டஸ் ரசிகர்களுக்கு அல்ல என்கிற மாதிரி விளக்கம் சொன்னார். அநேகமாக உண்மையாகவே இருக்கும். ஆனால் குறியீடுகளின் அரசியலில் நடப்பது வேறு. நேப்பிள்ஸ் அந்த விரலைத் தெற்கின் விரலாக வாசித்திருந்தது. அதை உடையவரே வந்து, அது என்னுடைய சொந்த விரல், சில பேருக்காகக் காட்டினது என்று திரும்ப வாங்கிக்கொள்கிறார். கூட்டாகக் கொடுத்த அர்த்தம் தனிநபர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வேலை மாறியதை விட இது பெரிய இழப்பு.

2020 ஜனவரி 26 அன்று யுவென்டஸ் பயிற்சியாளராக அவர் நேப்பிள்ஸுக்குத் திரும்பினார். சீழ்க்கையடித்து வரவேற்றார்கள். நாப்போலி 2–1 என்று வென்றது. தோற்ற பிறகு அவர், நாப்போலிப் பையன்களுக்காகச் சந்தோஷம் என்கிற தொனியில் பேச, யுவென்டஸ் ரசிகர்களுக்கும் கோபம். இரண்டு ஊரும் அவரை நம்பவில்லை. அந்த ஜூலையில் யுவென்டஸ் தொடர்ந்து 9வது முறையாகச் சாம்பியன் ஆயிற்று. சாரிக்கு 61 வயதில் முதல் இத்தாலியப் பட்டம். பதின்மூன்றே நாளில், ஐரோப்பியக் கோப்பையில் லியோனிடம் வெளியேறியதும், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் ஆசைப்பட்ட அந்த ஆட்டம் டூரினில் கடைசிவரை வரவேயில்லை. நேப்பிள்ஸ்காரருக்கு இது ஆறுதலா வருத்தமா? எங்களிடம் மட்டும்தான் அது பூத்தது என்ற பெருமை. கடைசியில் அவனுக்கும் இந்தக் கதியா என்ற பரிதாபம். ரெண்டையும் பிரிக்க முடியாது.

5

இந்த இடத்தில் நம் மொழியிலிருக்கும் சொற்களையும் சோதித்துப் பார்க்கலாம். விசுவாசம் என்றதும் நமக்குச் செஞ்சோற்றுக் கடன் வருகிறது, கும்பகருணன் வருகிறான். விலகல் என்றதும் வீடணன். வைணவம் அவனை ஆழ்வான் என்றது. திராவிட இயக்க மேடை காட்டிக்கொடுத்தவன் என்றது. இரண்டு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: அவன் அந்த வீட்டுப் பிள்ளை, ரத்த உறவு. பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளை அல்ல. ஒப்பந்தக் கூலி. சம்பளம் கோடியில் இருக்கலாம், உறவு அதுதான். 2006இல் அரெஸ்ஸோ என்ற சிறு கழகம் அந்தோனியோ கோன்டே என்ற இளம் பயிற்சியாளரை நீக்கிவிட்டு சாரியைக் கொண்டுவந்தது. சில மாதத்தில் சாரியை நீக்கிவிட்டு மறுபடி கோன்டேவைக் கூப்பிட்டது. செஞ்சோறு யார் போட்டது, யார் தின்றது?

2018 மே மாதத்தையும் பாருங்கள். சாரி இன்னும் நாப்போலியின் ஒப்பந்தத்தில் இருக்கும்போதே, கழகத்தின் முதலாளியான திரைப்படத் தயாரிப்பாளர் அவுரேலியோ தி லாரென்டிஸ், கார்லோ ஆன்செலோட்டியைப் பயிற்சியாளராக அறிவித்துவிட்டார். ஜூலையில் செல்சியோடு பேசி முடியும்வரை சாரி கையிருப்புச் சரக்கு மாதிரி இருந்தார். முதலில் கையை விட்டது யார் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. ஆனால் சீழ்க்கை சாரிக்கு விழுந்த மாதிரி முதலாளிக்கு அன்று விழவில்லை. கூலிக்காரரிடம் கற்பை எதிர்பார்க்கிறோம். உடைமையாளரிடம் கணக்கை மட்டும்தான் எதிர்பார்க்கிறோம்.

அதனால் 'அவர் தொழில்முறையாளர், பெரிசுபடுத்தாதீர்கள்' என்ற தாராளவாத அறிவுரையை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. அந்த அறிவுரை ரசிகருக்கு மட்டும்தான் சொல்லப்படுகிறது. சீட்டு விற்கும்போதும் சட்டை விற்கும்போதும் இதே கழகங்கள் 'குடும்பம்', 'மண்', 'ரத்தம்' என்றுதான் பேசுகின்றன. உணர்ச்சியை மூலதனமாக்கிக்கொண்டு, வலிக்கிறபோது மட்டும் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். ரசிகரின் அன்பு சம்பளமில்லாத உழைப்பு. ஒரு வங்கி ஊழியரைக் கமாண்டராக்கியது அந்த உழைப்பு. அதன் பலனில் ரசிகருக்குப் பங்கு இல்லை.

6

கதை அப்புறமும் தொடர்ந்தது. 2023இல் லூச்சியானோ ஸ்பல்லெட்டியின் கீழ் நாப்போலி 33 வருஷம் கழித்துச் சாம்பியன் ஆயிற்று. அந்தப் பட்டத்தை அவர் கையில் பச்சை குத்திக்கொண்டார். 2024இல் நாப்போலிக்கு வந்தவர் அதே கோன்டே: தெற்கில் லெச்செயில் பிறந்தவர், யுவென்டஸின் முன்னாள் தலைவர், அங்கே பயிற்சியாளராக மூன்று பட்டம் வாங்கியவர். 2025 மே மாதம் அவர் நாப்போலிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். நகரம் அவரைத் தோளில் தூக்கியது. அதே வருஷம் அக்டோபரில், பச்சை குத்திய கையோடு ஸ்பல்லெட்டி யுவென்டஸுக்குப் போனார்.

எதிரி நம்மிடம் வந்தால் மனமாற்றம், நம்மாள் எதிரியிடம் போனால் துரோகம் என்று இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நாம் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது. இயக்கத்தை விட்டுப் போனவர், சிறுபத்திரிகையிலிருந்து பெரும்பத்திரிகைக்குப் போனவர், கட்சி மாறியவர் என்று நம்மிடமும் பட்டியல்கள் உண்டு. அங்கேயும், போனவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவரால் நமக்குக் கிடைத்ததை யார் உடைமையில் வைத்திருந்தோம் என்று பேசியதில்லை.

நேப்பிள்ஸ் ரசிகர் ஒரு விஷயத்தில் சரி: அந்த மூன்று வருஷத்தின் அர்த்தம் சாரியுடையது மட்டுமல்ல, கூட்டாக உண்டாக்கியது. முகவரியில்தான் பிசகு: அதை எடுத்துக்கொண்டு போனதாக ஒரு கூலிக்காரரைத் திட்டுகிறார், அது எப்போதுமே தன் பெயரில் பதிவாகவில்லை என்பதைப் பார்ப்பதில்லை. கலவையான உணர்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து புரள்கிறது.

முகவரியை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 2005இல் அமெரிக்கக் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி, ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற முறையில் சொந்தமாக ஒரு கழகத்தையே தொடங்கினார்கள். கீழ்மட்ட லீகுகளில் ஆடுகிற சின்ன அணி அது. அங்கேயும் பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். போகும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஏன் போனார், யார் அனுப்பியது, நாளைக்கு எந்த ஆட்டத்தை ஆடப்போகிறோம் என்று கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பதில் சொல்லியாக வேண்டும்.