ரசிகர்கள் எழுதும் இரண்டாம் பாகம்

க்ரோனோ ட்ரிக்கர் என்ற வீடியோ ஆட்டத்தில் ஷாலா என்றொரு இளவரசி வருகிறாள். கி.மு. 12,000-இல் மேகங்களுக்கு மேலே மிதக்கும் ஸீல் நாட்டைச் சேர்ந்தவள். கடலடி அரண்மனை நொறுங்கும்போது மிச்சமிருக்கும் சக்தியைத் திரட்டி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறாள். பிறகு அவள் என்ன ஆனாள் என்று ஆட்டம் சொல்வதில்லை. அவளுடைய தம்பி, வளர்ந்து மாகஸ் என்னும் மந்திரவாதியாகிவிட்டவன், கடைசியில் அவளைத் தேடிப் புறப்படுகிறான். அவ்வளவுதான். ரசிகர்கள் கற்பனை செய்த எத்தனையோ தொடர்ச்சிகள் இந்த ஒரு இடைவெளியில் முளைத்தவை.

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபாமிகாமுக்காக வெளியிட்ட ஆட்டம் இது. ஃபைனல் ஃபேண்டஸியை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா மூவரும் சேர்ந்து உழைத்த ஆட்டம் என்பதே அப்போது பெரிய செய்தி. ஆனால் முப்பது ஆண்டுகள் கழிந்தும் அது நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் அந்தப் பெயர்கள் அல்ல. கி.மு. ஆறரைக் கோடி முதல் கி.பி. 2300 வரை பல காலங்களுக்குள் புகுந்து வரும் கதை, ஒரு காலத்தில் செய்த சின்னக் காரியத்தின் விளைவை இன்னொரு காலத்தில் நம் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. 600-இல் ஒரு பெண்ணின் பாலை நிலத்தைக் காடாக்க ரோபோவை விட்டுவிட்டு, நாம் ஒரு நொடியில் 1000-த்துக்குப் போகிறோம். காடு செழித்து நிற்கிறது. ரோபோவோ நானூறு ஆண்டு உழைத்துத் துருப்பிடித்துக் கிடக்கிறது. அன்றிரவு தீ மூட்டி அமர்ந்து எல்லோரும் பேசிக்கொள்ளும்போது ஒரு சந்தேகம் எழுகிறது: காலம்விட்டுக் காலம் போக நமக்கு உதவும் இந்தக் காலவாசல்கள் யாருடைய நினைவுக்காகத் திறக்கின்றன? யாரோ ஒருவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பதைத்தான் நாமும் கூடவே பார்க்கிறோமா? இதற்கும் விடை இல்லை.

விடையில்லாத இந்த இடங்களை என்ன செய்வது என்பதில்தான் ரசிகர் தொடர்ச்சியின் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

இந்த முயற்சிகளில் மிகவும் பேசப்பட்டது க்ரிம்சன் எக்கோஸ். சில ரசிகர்கள் 2004 வாக்கில் தொடங்கி ஐந்தாண்டு உழைத்து உருவாக்கினார்கள். ஆட்டத்தின் மூலக்கோப்பையே திறந்து, அதிலுள்ள வரைபடங்களையும் உரையாடல்களையும் நிகழ்ச்சி வரிசையையும் மாற்றி எழுதும் ரோம் ஹேக் முறையில் அமைந்தது. அதற்கென்று டெம்போரல் ஃப்ளக்ஸ் என்ற திருத்தக் கருவியையும் ரசிகர்களே செய்துகொண்டார்கள். க்ரோனோ ட்ரிக்கருக்கும், 1999-இல் ஸ்கொயரே வெளியிட்ட தொடர்ச்சியான க்ரோனோ க்ராஸுக்கும் நடுவில் உள்ள ஆண்டுகளை நிரப்புவது அவர்கள் நோக்கம். 2009 மே மாதம், வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஸ்கொயரின் புதிய வடிவமான ஸ்கொயர் எனிக்ஸிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. வேலை நின்றது. ஏறக்குறைய முழுமையாக இருந்த ஒரு பதிப்பு பின்னர் கசிந்து கைகளில் பரவியது.

ரசிகர் தொடர்ச்சியின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் விமர்சகர்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு கதைமாந்தர் எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன சொன்னார் என்பதை இவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருக்கும் வாசகர் கூட்டம் எந்த நாவலாசிரியருக்கும் எளிதில் வாய்க்காது. நிறுவனத்துக்குள் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ரசிகரோ பத்து வயதில் பார்த்ததை முப்பது வயதிலும் விடாமல் வைத்திருப்பார். மதர் 3 கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிகெசாட்டோ இடோயி எழுதிய அந்த ஆட்டம் 2006 ஏப்ரலில் ஜப்பானில் மட்டும் வந்தது. ஆங்கிலப் பதிப்பு வராது என்று தெளிவானதும், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான க்ளைட் மண்டெலின் தலைமையில் ரசிகர் குழு ஒன்று தானே மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாகக் கொடுத்தது. அந்தக் கவனமும் பொறுப்பும் உள்ளவர்கள் தொடர்ச்சியைப் பற்றிக் கனவு காண்பதில் வியப்பில்லை. கனவு காண்பதே ஒருவகை ஆழ்ந்த வாசிப்பு என்பேன். ‘இதற்குப் பிறகு என்ன?’ என்று உண்மையாகக் கேட்பவர், இதுவரை நடந்தது என்ன என்பதை மற்றவர்களைவிடக் கூர்மையாகப் படித்திருப்பார்.

அந்த வாசிப்பு ஆட்டமாக மாறும்போது சிக்கல் தொடங்குகிறது.

ரோம் ஹேக்கில் பழைய ஸ்பிரைட் படங்களும் பழைய இசையும் கைக்கு அருகிலேயே இருக்கின்றன. யசுனோரி மிட்சுதா ஸீல் நாட்டுக்காக அமைத்த மெட்டு ஒலித்தால் போதும், ஆடுபவரின் மனம் தானே இளகிவிடும். அந்த இளக்கத்தைச் சம்பாதித்தது 1995-இன் ஆட்டம். புதிய காட்சி அதைக் கடன் வாங்குகிறது. எழுத்து வலுவாக இருக்கும் இடங்களில் இந்தக் கடன் உறுத்துவதில்லை. வலுவில்லாத இடங்களிலோ நாம் உருகுவது எதற்காக என்றே புரியாமல் போகிறது. க்ரிம்சன் எக்கோஸின் உரையாடல்களில் நீண்ட விளக்கங்கள் அதிகம். மூல ஆட்டமோ இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாயகனின் தோழி லூக்காவின் தாய் லாரா இயந்திரத்தில் சிக்கி நடக்கும் திறனை இழக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் காலவாசல் ஒன்று திறந்து அந்த நாளுக்கே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. இயந்திரத்தை நிறுத்தும் எழுத்துகளைத் தக்க நேரத்தில் அழுத்தினால் அவள் தப்பிப்பாள். தவறினால் அவள் வாழ்நாள் முழுதும் நடக்க மாட்டாள். ஆட்டம் நம்மைக் கண்டிக்கவும் இல்லை, மீண்டும் முயல வாய்ப்பு தரவும் இல்லை. இத்தகைய சிக்கனம் அன்பு மிகுந்தவர்களுக்கு எளிதில் கைவராது. தாம் நேசிப்பதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடத் தோன்றும்.

இன்னொரு குறை இந்த வகை ஆட்டங்களின் இயல்பிலேயே உள்ளது. நாவலின் முடிவு எல்லா வாசகருக்கும் ஒன்று. ரோல்-பிளேயிங் ஆட்டத்தின் முடிவு அப்படியல்ல. க்ரோனோ ட்ரிக்கரில் நாயகன் க்ரோனோ பாதியில் இறந்துபோகிறான். அவனை மீட்பது கட்டாயமில்லை. அவன் இல்லாமலேயே மற்றவர்கள் போய், உலகைப் பாழாக்கும் லாவோஸை வென்றுவிடலாம். மாகஸை மலைமுனையில் சந்திக்கும்போது கொல்லலாம், கூட்டாளியாகவும் சேர்த்துக்கொள்ளலாம். கொன்றால், அவனால் தவளையாக்கப்பட்ட க்ளென் முடிவில் மனித உருவம் பெறுகிறான். சேர்த்துக்கொண்டால் ஷாலாவைத் தேட ஒருவன் எஞ்சுகிறான். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. ஆடிய ஒவ்வொருவரும் இதில் எதையோ ஒன்றைத் தெரிந்தே இழந்திருக்கிறார். தொடர்ச்சி எழுதுபவர் இந்தக் கிளைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டப்படுவது வேறொருவர் எடுத்த முடிவு. நிறுவனமே செய்தாலும் இந்தக் குறை இருக்கும்தான். இதற்கு நல்ல வழி கண்டவர்களும் உண்டு. 2004-இல் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் இரண்டாம் பாகத்தில், தொடக்கத்திலேயே ஒரு பாத்திரம் பேச்சுவாக்கில் முதல் பாகத்தின் நாயகர் ஆணா பெண்ணா, நல்லவரா கெட்டவரா என்று கேட்டுக்கொள்ளும். நாம் சொல்லும் பதிலே அந்த உலகின் வரலாறு ஆகிவிடும். ரசிகர் தொடர்ச்சிகளில் இந்த மரியாதையை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய குறை இடைவெளிகளை நிரப்பும் ஆசை. க்ரோனோவின் கார்டியா நாடு எப்படி வீழ்ந்தது, ஷாலா எங்கே போனாள், நினைவுகூர்பவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் விடை எழுதினால் பட்டியல் நிறையும், உலகம் சுருங்கும். இங்கே க்ரோனோ க்ராஸை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். மசாட்டோ கட்டோ எழுதிய அந்த அதிகாரபூர்வத் தொடர்ச்சி மேல் ரசிகர்களுக்குத் தீராத வருத்தம் உண்டு. பழைய நாயகர்களுக்குக் கொடுமையான முடிவைத் தந்தது, ஆடத்தக்க 40-க்கும் மேற்பட்ட பாத்திரங்களைச் சேர்த்து ஒருவரையும் ஆழமாக எழுதாமல் விட்டது, ஷாலாவின் கதையைக் கடைசி நேர விளக்கங்களில் புதைத்தது. எல்லாம் நியாயமான குறைகள். ஆயினும் அது ஒரு கேள்வியைச் சரியாகப் பிடித்தது. லாவோஸ் அழிந்ததால் பாழான எதிர்காலம் இல்லாமல் போனது என்றால், அந்த எதிர்காலத்தில் பிறந்து வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? ‘இறந்த கடல்’ என்ற இடத்தில் அழிக்கப்பட்ட அந்தக் காலத்தின் இடிபாடுகள் உறைந்து கிடப்பதைக் காட்டி, வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று அது கேட்டது. ரசிகர்கள் அந்தக் கேள்வியோடு சண்டையிட்டிருக்கலாம். பெரும்பாலும் நாயகர்களைக் காப்பாற்றுவதிலேயே முனைந்தார்கள்.

மதர் வழியில் வந்தவர்களின் அனுபவம் இதைவிடத் தெளிவானது. மதர் 3-இன் முடிவில் திரை இருண்டுவிடும். இருட்டில் நாம் நடந்தால் கதைமாந்தர்கள் பேசுவார்கள், உலகம் என்ன ஆயிற்று என்று காட்டப்படுவதே இல்லை. இடோயி நான்காம் பாகம் எழுதுவதில்லை என்று பலமுறை சொல்லிவிட்டார். ரசிகர் குழு ஒன்று மதர் 4 என்ற பெயரில் பல ஆண்டு உழைத்து, 2020-இல் அந்தப் பெயரை விட்டு ஆடிட்டி என்று சொந்தப் பெயர் வைத்துக்கொண்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதே ரசிகர் வட்டத்தில் வளர்ந்த டோபி ஃபாக்ஸ் 2008-இல், மதர் தொடரின் இரண்டாம் பாகமான எர்த்பவுண்டை மாற்றி ஹாலோவீனுக்காக ஒரு ரோம் ஹேக் செய்தார். எர்த்பவுண்டின் குழந்தைகள் கடைசிப் போரிலிருந்து திரும்பவே இல்லை, அவர்களை அனுப்பிவைத்த டாக்டர் ஆண்டோநட்ஸ் குற்றவுணர்வில் சிதைந்துபோனார் என்பது அதன் கதை. முரட்டுத்தனமான, பக்குவப்படாத படைப்பு. ஆனால் எல்லோரும் கொண்டாடிய வெற்றிக்குள் இருந்த வலியை அது தொட்டது. 2015 செப்டம்பரில் அவர் வெளியிட்ட அண்டர்டேல் அந்த வலியை வேறு உலகத்தில், வேறு பாத்திரங்களோடு முழுமையாக எழுதியது. எதிரியைக் கொல்லாமலும் ஆட்டத்தை முடிக்கலாம். கொன்றால் ஆட்டம் அதை மறக்காது. ஹேக்கில் இருந்த மெகலோவேனியா என்ற இசையும் கூடவே வந்து உலகப் புகழ் பெற்றது. எர்த்பவுண்டின் நாயகன் நேஸும் வரவில்லை, ஆண்டோநட்ஸும் வரவில்லை. எர்த்பவுண்டுக்கு இதைவிட உண்மையான வாரிசை எந்த ரசிகர் தொடர்ச்சியிலும் நான் கண்டதில்லை.

பெயரையும் உலகத்தையும் விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அவர்கள் காலத்தில் முன்னே போவதை விட்டுப் பக்கவாட்டில் போகலாம். ஜெர்மானிய ஆட்டமான காதிக் 2 மீது போலந்து ரசிகர்கள் கட்டிய ஆர்க்கோலோஸ் 2021 டிசம்பரில் வந்தது. மூலக்கதைக்கு முன் நடப்பது, முன்பு காட்டப்படாத ஒரு தீவில். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு முழுக் குரல் நடிப்பு, தன் சொந்த ஊர், தன் சொந்த மனிதர்கள், தொலைந்த அண்ணனைத் தேடும் மார்வின் என்ற சாதாரண இளைஞன். யாருடைய முடிவையும் அது வெட்டவில்லை. 2024 ஜூலையில் வந்த ஃபால்அவுட்: லண்டனும் இவ்வகையே. அதிகாரபூர்வ ஆட்டங்கள் எதுவும் அட்லாண்டிக்கைக் கடந்ததில்லை என்பதால் லண்டன் அவர்களுக்குத் திறந்தவெளியாகக் கிடைத்தது. ஆனால் பிறர் மனையில் வீடு கட்டுபவரின் நிலைமையும் அங்கே தெரிந்தது. 2024 ஏப்ரலில் மூல ஆட்டமான ஃபால்அவுட் 4-க்குப் புதிய மேம்படுத்தல் வந்ததால் பல வருட உழைப்பு அதோடு ஒத்துப்போகாமல் திணறி, வெளியீடு தள்ளிப்போனது.

சட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. அமெரிக்கச் சட்டப்படி வேண்டுமென்றே செய்த பதிப்புரிமை மீறல் என்று நிறுவப்பட்டால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். சம்பளமின்றி உழைக்கும் மாணவருக்கு அந்த எண்ணே போதும், எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். உரிமையாளருக்குத் தன் பெயரைக் காக்கும் உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். காசு வாங்காமல் கொடுக்கப்படும், மூல ஆட்டத்தை வைத்திருப்பவர் மட்டுமே ஆடக்கூடிய ஒட்டுக்கோப்பை ஐந்தாண்டு உழைப்பின் கடைசி மாதத்தில் தடுப்பது அந்த உரிமையின் மிக மோசமான பயன்பாடு என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. க்ரிம்சன் எக்கோஸின் குறைகளை நான் சொல்வதற்கும் அது ஆடக் கிடைத்திருக்க வேண்டும். கசிவின் புண்ணியத்தில்தான் இன்று அதைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்று ஒருவர் க்ரோனோ ட்ரிக்கருக்கு மூன்றாம் பாகம் கற்பனை செய்வதாக இருந்தால் அவரை 2300-க்கே அனுப்புவேன். கூரைகளுக்கு அடியில் முடங்கிய மக்கள், உடல் களைப்பை நீக்கியும் பசியை மட்டும் தீர்க்காத எனர்ட்ரான் இயந்திரம், பாதுகாக்கப்பட்ட ஒற்றை விதையைக் கையில் வாங்கி முளைக்க வைப்பேன் என்று நிமிரும் முதியவர் டோன். மூல ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இது. அங்கே ஒரு இளம்பெண்ணை நாயகியாக வைக்கலாம். ஏதோ அந்நியர்கள் கடந்த காலத்தைச் சரிசெய்யப் போயிருக்கிறார்கள், அவர்கள் வென்றால் தன் ஊரும் தானும் இல்லாமல் போவோம் என்று அவளுக்குத் தெரிய வருகிறது. அந்த விதை அவள் நட்டது, முளைவிட்டிருக்கிறது. அவள் அவர்களைத் தடுப்பாளா, உதவுவாளா என்பதை ஆடுபவர் தீர்மானிக்கட்டும். க்ரோனோ அந்த ஆட்டத்தில் வர வேண்டியதில்லை. ஷாலா எங்கே என்பதையும் யாரும் கேட்க வேண்டாம்.