மையில்லாத அச்சு

வங்க அச்சோவியர் சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ வரிசை அச்சுகளை முதன்முறை பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று தோன்றலாம். வெள்ளைத் தாள், அதில் வெள்ளையாகவே ஒரு கீறல், ஒரு துளை, விளிம்பு பிதுங்கிய ஒரு வெட்டு. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் புண் தெரிகிறது. 1971 வாக்கில் சாந்திநிகேதனில் அவர் தொடங்கிய இந்த வரிசையில் மைக்கு வேலையில்லை. களிமண் பலகையைக் கீறி, கிழித்து, துளைத்து, அதன்மேல் சிமென்ட் வார்த்து அச்சு எடுப்பார். அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்தி, உலர்ந்ததும் உரிப்பார். தாள் உருவாகும்போதே காயத்தோடு உருவாகிவிடுகிறது. நம் இஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், கோட்டின் ஓட்டத்தை ரசிக்க நம்மைப் பழக்கியது. அந்தக் கண்ணோடு போனால் ஹோரின் கோடு வேறு ரகம் என்று உடனே புரியும்: அது ஓடுவதில்லை, உள்ளே இறங்குகிறது.

இந்தக் காயங்களில் ஊர் இல்லை, பேர் இல்லை, கொன்றவன் யாரென்றும் இல்லை. இப்படிப் பொதுவாக்கினால் குற்றவாளி தப்பிவிடமாட்டானா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஹோருக்கு வழிகாட்டிய ஓவியர் சித்தபிரசாத், 1943 வங்கப் பஞ்சத்தை ஊர் ஊராக நடந்து, கண்ட மனிதர்களை விவரத்தோடு வரைந்து புத்தகமாக்கினார். அந்தப் புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறித்து எரித்தது. சாட்சியத்தின் பலத்துக்கு வேறு சான்று வேண்டாம். ஹோரும் அந்தச் சாட்சியத்திலிருந்து வந்தவர்தான். 1942இல் சிட்டகாங் பக்கத்துப் பட்டியா கிராமத்தில் ஜப்பானியக் குண்டுக்குப் பலியானவர்களைப் பார்த்தவர், பஞ்சத்தையும் வரைந்தவர். ஆனால் சாட்சியப் படத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: முகம் தெரிந்தால், அது யாருடைய துயரமோ என்று விலகி நிற்க வழி கிடைத்துவிடுகிறது. முள்ளிவாய்க்கால் படங்களை 2009இல் சுவரொட்டிகளில் திரும்பத் திரும்பப் பார்த்த நமக்கு, கண் எவ்வளவு சீக்கிரம் மரத்துப்போகும் என்று தெரியும். ஹோரின் தாளில் விலகிப் பார்க்க முகமில்லை. தோல் மட்டுமே இருக்கிறது. ஜெர்மன் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் முதல் உலகப் போருக்குப் பின் வெட்டிய ஏழு மரச்செதுக்கு அச்சுகளில் கறுப்பு அலறுகிறது. இங்கே அலறலும் இல்லை.

அழகாக இருக்கிறதே, வரவேற்பறையில் மாட்டலாமே என்ற இன்னொரு குற்றச்சாட்டை என்னால் முழுதாக மறுக்க முடியாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, நேர் எதிரே விளக்குப் போட்டால் இது வெறும் நேர்த்தியான வெள்ளைத் தாள்தான். அதற்கான பழி மாட்டுகிறவர் மேல் விழட்டும். விளக்கைச் சுவரோரம் நகர்த்தினாலே போதும், ஒவ்வொரு வெட்டின் உதடும் நிழல் விடும்.