லீ குவான் யூவின் ஐந்தொகை

2015 மார்ச் 23ஆம் திகதி லீ குவான் யூ இறந்தபோது எம்மவர் எழுதிய அஞ்சலிகளில் மூன்று விடயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவர் தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்திருந்தார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது இலங்கையைச் சீரழித்தது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். 2010இல் வெளிவந்த, ரொம் பிளேற்றுடனான உரையாடல் நூலில் மகிந்த ராஜபக்சவைச் சிங்களத் தீவிரவாதி என்றார். ஆகவே அவர் எமது நண்பர். இத்தர்க்கம் இங்கிருந்து இன்னுமொரு படி தாவுகிறது: எமக்கும் அப்படியொரு தலைவர் வாய்த்திருந்தால், அல்லது வாய்த்தவரை உலகம் விட்டுவைத்திருந்தால், வடக்கும் கிழக்கும் இன்னொரு சிங்கப்பூர் ஆகியிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பேச்சு ஓயவில்லை. அதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாதனைகளை முதலில் சாதனைகளாகவே ஒப்புக்கொள்வோம். ஏகாதிபத்தியத்தின் முகவர் என்ற ஒரு சொல்லோடு லீயை முடித்துவிடும் எமது இடதுசாரிகளின் பழக்கம் விமர்சனம் ஆகாது. 1965இல் ஏறத்தாழ 500 அமெரிக்க டொலராக இருந்த தலா வருமானம், அவர் பிரதமர் பதவியை விட்ட 1990இல் 11,000 டொலரைத் தாண்டியிருந்தது. வீடமைப்புச் சபை அமைக்கப்பட்ட 1960இல் பத்தில் ஒருவர்கூட அரசாங்க வீடுகளில் வாழவில்லை. 1990இல் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அவற்றில் வாழ்ந்தனர். இதற்கு வழிசெய்த 1966ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் நிலவுடைமையாளரின் பையில் நேரடியாகக் கைவைத்தது. 1986இல் தமது சொந்த அமைச்சர் ஒருவர்மீதே இலஞ்ச விசாரணை நடக்க விட்டார். ஊரெங்கும் தமக்குச் சிலை வைக்க அவர் விடவில்லை. தலைவர்களைத் தெய்வமாக்கிப் பழகிய எமக்கு இது சின்ன விடயமல்ல.

இனி மறுபக்கம். 1963 பெப்ரவரி 2ஆம் திகதி நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே நடவடிக்கையில் கைது செய்யப்பட்டனர். பாரிசான் சோசலிஸ் கட்சியின் தலைவர்கள், தொழிற்சங்கவாதிகள், பத்திரிகையாளர் ஆகியோர் அதில் அடக்கம். அவர்களுள் ஒருவரான மருத்துவர் லிம் ஹொக் சியூ வெளியே வந்தது 1982இல். 1966இல் கைதான சியா தை போ வழக்கோ விசாரணையோ இன்றி 23 ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் செந்தோசாத் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டார். அவர்மீதான கட்டுப்பாடுகள் முற்றாக நீங்கியது 1998இல். 1974இல் பத்திரிகைச் சட்டம் வந்தது. 1987இல் கத்தோலிக்க சமூக ஊழியர்களும் சட்டத்தரணிகளுமாக 22 பேர் 'மார்க்சிய சதி' என்ற பெயரில் பிடிக்கப்பட்டனர்.

வழமையான மதிப்பீடு இந்த இரண்டையும் ஐந்தொகையில் இருபுறமும் எழுதி, வீடுகளை ஒரு பக்கமும் கைதிகளை மறுபக்கமும் கூட்டி, மிச்சம் இலாபம் என்று முடித்துவிடுகிறது. வர்த்தகம் படித்த மாணவனுக்கே இதன் பிழை புரியும். பற்றும் வரவும் ஒரே நிறுவனத்துடையவையாக இருக்கவேண்டும். இங்கு கொடுத்தவர்கள் வேறு, பெற்றவர்கள் வேறு, கணக்கு எழுதுபவர்கள் பெற்றவர்கள். இதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. கைதிகள் வீடுகளுக்கான விலை என்று இக்கணக்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. நிரூபிக்கப்பட வேண்டியதே அதுதான்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வீடமைப்புக்கு அரச பலவந்தம் தேவைப்பட்டது. அது காணிக்காரர்மீது, பகிரங்கமான சட்டத்தின் மூலம் வந்தது. 1963இல் அச்சத்துக்கு இடமிருந்தது என்றும் ஒருவர் வாதிடலாம். பனிப்போர் காலம், இந்தோனேசியாவுடன் மோதல் ஆரம்பித்திருந்த ஆண்டு. அதையும் ஏற்றுக்கொள்வோம். 1963இல் பிடித்தவரை 1982 வரை வைத்திருந்ததற்கு அந்த வாதம் எப்படிப் பொருந்தும்? 1980 தேர்தலில் ஆளுங்கட்சி 75 ஆசனங்களில் 75ஐயும் வென்றிருந்தது. அடுத்த ஆண்டு ஜே. பி. ஜெயரத்தினம் அன்சன் இடைத்தேர்தலில் ஒரேயொரு ஆசனத்தைப் பிடித்தார். 1986இல் கட்சிக் கணக்குத் தொடர்பான வழக்கில் சிறை சென்று, ஆசனத்தையும் சட்டத்தரணித் தொழிலையும் இழந்தார். 1988இல் இலண்டன் பிரிவு கவுன்சில் அவருக்குப் பாரிய அநீதி இழைக்கப்பட்டதென்று கூறித் தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. சிங்கப்பூர் அரசு செய்தது, 1989இல் பிரிவு கவுன்சிலுக்கான மேன்முறையீட்டைக் கட்டுப்படுத்தி 1994இல் அதை அடியோடு ஒழித்தது.

இக்கருவிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் மறக்கக்கூடாது. விசாரணையற்ற தடுப்புக்காவல் 1948இல் பிரித்தானியர் மலாயாவில் கொண்டுவந்த அவசரகால விதிகளின் வாரிசு. 1954இல் ஃபஜார் மாணவர்களின் இராசத்துரோக வழக்கில் டி. என். பிரிட்டுக்குத் துணையாக நின்ற இளம் சட்டத்தரணி லீ. 1955இல் தடுப்புக்காவலைச் சட்டசபையில் எதிர்த்துப் பேசியவரும் அவரே. அச்சட்டம் கொடியதென்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது பயனுள்ளதென்பதைப் பதவி கற்றுக் கொடுத்தது.

தமிழ் பற்றிய வாதம் இதைவிடக் கடினமானது. 1956இல் கொழும்பு செய்ததை லீ செய்யவில்லை. நான்கில் மூன்று பங்கினரின் மொழியைத் தனி ஆட்சிமொழியாக்க அவர் மறுத்தார். சீனமொழி நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு மறைந்தது. சிறுபான்மையினனான எனக்குப் பெரும்பான்மையின் மொழி வெறிக்கு அணைபோட்ட எந்த ஆட்சியும் மதிப்புக்குரியது. ஆனால் அந்தச் சமத்துவம் ஆங்கிலத்தின் கீழான சமத்துவம். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 2010 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியர்களுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 37 சதவீதம், ஆங்கிலம் பேசுவோர் அதைவிட அதிகம். அந்த அணைக்கு 1963 கைதுகள் தேவைப்பட்டன என்ற வாதமும் நிற்காது. கைதானோர் சீன இனவாதிகள் அல்லர். மலாயரான சையத் ஸஹாரியும் கேரள வம்சாவளியினரான ஜேம்ஸ் புதுச்சேரியும் அவர்களுடனேயே பிடிபட்டார்கள்.

எம்மவர் பெருமைப்படும் எஸ். இராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். இன, மொழி, மத பேதமற்ற ஜனநாயக சமூகத்தைக் கட்டுவோம் என்னும் சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவர். ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே. 2001இல் வங்குரோத்தாக்கப்பட்டு, தெருவோரம் நின்று தமது புத்தகங்களை விற்று, 2008இல் இறந்தார். முன்னவரின் படத்தை மாட்டுபவர்கள், அவர் எழுதிய ஜனநாயகம் என்ற சொல்லுக்காக அலைந்த பின்னவரைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இராஜரத்தினம் 1968இல் தொழில் அமைச்சராகவும் ஆனார். வேலைக்கு எடுத்தல், நீக்குதல், இடமாற்றல், பதவி உயர்வு ஆகியவற்றைத் தொழிற்சங்கம் பேரம் பேசமுடியாத விடயங்களாக்கிய சட்டத்திருத்தம் அந்த ஆண்டில்தான் வந்தது. விரிவுரை மண்டபத்தில் இருந்திருந்தால் இதை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்திருப்பேன். இங்கு ஜேர்மனியில் பல ஆண்டுகளாக இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு இது அடிக்குறிப்பல்ல. எங்கள் ஆலையில் பகல் வேலைக்காரர்களை இரவு வேலைக்கு மாற்றுவதென்றால் நிர்வாகம் தொழிலாளர் சபையைக் கேட்கவேண்டும். மொழி சரியாகத் தெரியாத அகதிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரின் கட்டுமானங்களில் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளருக்கு என்ன உண்டு என்பதை 2013 டிசெம்பரில் லிட்டில் இந்தியாக் கலவரமும், 2020இல் கொரோனா புகுந்த நெரிசலான விடுதிகளும் காட்டின.

'சிங்கப்பூர் ஆக்குவோம்' என்பது எமக்குப் புதிய கோஷமும் அல்ல. ஜே. ஆர். ஜெயவர்த்தனா 1977க்குப் பின் கண்ட கனவும் அதுதான். 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம், 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம், 1980 யூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 பேரின் வேலைநீக்கம். அவர் எடுத்துக்கொண்டது அடக்குமுறைப் பாதியை. மொழிச் சமத்துவத்தையும் இலஞ்ச ஒழிப்பையும் விட்டுவிட்டார். இது தற்செயலல்ல. அதிகாரியின் கண்ணுக்கு அடக்குமுறை மட்டுமே இலகுவில் இரவல் வாங்கக்கூடியது.

எமது இயக்கங்கள் பற்றிய கணக்கும் இதே முறையில்தான் எழுதப்படுகிறது. கட்டுப்பாடு, காவல்துறை, இலஞ்சமற்ற நிர்வாகம் வரவுப் பக்கத்தில். 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட ராஜினி திராணகம, 1994 மே 1இல் பாரிசில் கொல்லப்பட்ட சபாலிங்கம் போன்றோர் செலவுப் பக்கத்தில். லீ சிறையிலிட்டார், வீதியில் சுடவில்லை. அந்த வேறுபாடு பெரியது, அதை மறைக்கக்கூடாது. ஆயினும் அவசியம் என்று சொல்லப்பட்டது உண்மையில் அவசியமா என்ற கேள்வி இரு இடத்திலும் ஒன்றே. சிங்கப்பூரை உதாரணம் காட்டுவோர் அதை இரு இடத்திலும் கேட்காமலே தாண்டுகின்றனர்.

லீயின் இளைய மகன் லீ சியென் யாங், தமக்குப் பிரித்தானியா அரசியல் தஞ்சம் அளித்திருப்பதாக 2024 ஒக்ரோபரில் அறிவித்தார். மூத்த மகன் லீ சியென் லூங் பிரதமர் பதவியிலிருந்து இறங்கி அப்போது ஆறு மாதமும் ஆகவில்லை. துன்புறுத்தல் நடந்ததென்பதைச் சிங்கப்பூர் அரசு மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தந்தை கட்டிய அமைப்பினுள் ஆட்சியுடன் முரண்பட்ட மகன் நியாயம் தேடி நாட்டுக்கு வெளியே போகவேண்டியிருந்தது என்பதை, தஞ்ச விசாரணை மேசைகளின் முன் இருந்து எழுந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இக்கட்டுரையை மறுப்பவர்கள் உண்டு என்பது தெரியும். மறுப்பு வரட்டும். தலா வருமானத்தை மறுபடியும் எழுதி அனுப்பவேண்டாம், அதை ஏற்றுக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். 1986இல் ஜெயரத்தினத்தைச் சிறைக்கு அனுப்பியதால் சிங்கப்பூரில் கூடுதலாகக் கட்டப்பட்ட ஒரு வீட்டைக் காட்டட்டும்.